ஆறா, பதினாறா? வீட்டில் ஒட்டும் மருந்துக் குறிப்புக்குத் தெளிவான ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முறை

பென்னாகரத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் நீரிழிவுக்காக எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டு, ஒரு வாரச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். காலையில் 16 யூனிட், இரவில் 6 யூனிட் இன்சுலின் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். அவருடைய மகன் பெங்களூருவில் கட்டட வேலை பார்ப்பவர். விடுப்புக்குச் சான்றாகக் காட்ட வேண்டுமென்று அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார். பேருந்திலிருந்தபடியே அதைக் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தினரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஊசி போடும் பொறுப்பிலிருந்த மருமகள் அந்தக் குழுவில் இல்லை. ஆகவே அம்மையாரின் மகள், குழுவில் வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பினார். மருமகள் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். மூவரும் அக்கறையுடன்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு கையிலும் படம் சிறிது மங்கியது. நாங்கள் போட்டிருந்த கட்டத்தின் செங்குத்துக் கோடு, பக்கத்திலிருந்த 6 என்னும் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. சுவரிலிருந்த தாளில் அது 16 என்றே தெரிந்தது.

இரண்டாம் நாள் நள்ளிரவுக்குப் பின் அம்மையாருக்கு உடல் முழுவதும் வியர்த்துப் பேச்சுக் குழறியது. மருமகள் பதறாமல், நினைவிருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கச் செய்து 108-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் ஊழியர் அளந்தபோது இரத்தச் சர்க்கரை 41 இருந்தது. அம்மையார் பிழைத்துக்கொண்டார், இன்றும் மாதந்தோறும் வந்து செல்கிறார். (நினைவிழந்தவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரையோ வேறு எதையுமோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். இதை இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க எங்களுக்கு மனமில்லை.)

அந்தத் தாளை மறுநாள் எங்கள் முன் வைத்தபோது நாங்களும் முதலில் பதினாறு என்றுதான் படித்தோம். தவறு எங்கள் கட்டத்திலிருந்தே தொடங்கியது. இப்போது எங்கள் பிரிவில் இன்சுலின் அளவைக் கட்டத்துக்குள் எழுதுவதில்லை. எண்ணால் எழுதி, அருகிலேயே "ஆறு யூனிட்" என்று எழுத்தாலும் எழுதுகிறோம். யூனிட் என்பதை ஆங்கிலத்தின் யு என்ற ஒற்றையெழுத்தால் குறிப்பதும் இல்லை. அவசரமாக எழுதிய யு, பார்ப்பதற்குச் சுழியம் போலிருக்கும். 6 என்பது 60 ஆகிவிடும். 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதிகளைத் திருத்தி, மருந்தின் பெயரைப் படிக்கும்படியாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டுமென்று அறிவித்தது இத்தகைய பிழைகளைத் தவிர்க்கத்தான். மருத்துவர் தெளிவாக எழுதினாலும், அந்தச் சீட்டு இப்போது தாளாகவே வீட்டுக்குப் போவதில்லை, படமாகப் போகிறது. ஆகவே படமெடுப்பவருக்கும் இதில் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று. பிள்ளைகள் பெங்களூருவிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்க, பெற்றோர் சித்தேரியிலோ வத்தல்மலையிலோ ஏரியூரிலோ இருப்பார்கள். மருந்தை எப்படிக் கொடுப்பது, குளுக்கோமீட்டரை எப்படி இயக்குவது, காணொளியில் மருத்துவரை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் கைப்பேசிப் படங்களாகவே ஊருக்கு வந்து சேர்கின்றன. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அலைபேசி வழியாகவும் செய்தி வழியாகவும் மருத்துவரைக் கலந்தாலோசிக்க இடமளித்தன. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவையும் தொடங்கியது. வீட்டிலிருந்து வரும் படத்தை நம்பியே முடிவெடுக்க வேண்டிய வேளைகள் எங்களுக்கும் கூடிவிட்டன.

படம் ஏன் மங்குகிறது

பரிசோதனைக்கூடம் அனுப்பும் அறிக்கை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாக வருகிறது. அதைத் திறந்து, முழுப் பக்கமும் திரையில் தெரியும்படி வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். இங்கே நடப்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. பரவலாகப் புழங்கும் கைப்பேசித் திரையின் அகலத்தில் 1,080 புள்ளிகள் உள்ளன. முழுப் பக்கமும் அந்த அகலத்துக்குள் அடங்கும்போது, தாளின் ஓர் அங்குலத்துக்கு 130 புள்ளிகளே கிடைக்கும். ஸ்கிரீன்ஷாட் என்பது திரையில் தெரிந்ததை மட்டுமே சேமிக்கும். கோப்பில் இருக்கும் கூடுதல் தெளிவு அதில் வராது. பிறகு பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லாத புள்ளிகள் முளைக்கப் போவதில்லை.

அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது, நீளமான பக்கம் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருக்கப்படுகிறது. 1,080-க்கு 2,400 என்றிருந்த படம் 720-க்கு 1,600 ஆகிவிடும். இப்போது அங்குலத்துக்கு 87 புள்ளிகளே மிஞ்சும். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஃபேக்ஸ் இயந்திரம் நுண்தரத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 புள்ளிகளை அனுப்பியது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 87 புள்ளிகளில் தலைப்பு தெரியும், நோயாளியின் பெயர் தெரியும். தசமப் புள்ளி தெரியாது. கிரியேட்டினின் 1.2 என்பதும் 12 என்பதும் ஒன்றுபோலாகிவிடும். முன்னது ஏறக்குறைய இயல்பான அளவு. பின்னது டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டிய அளவு.

சுருக்குவதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஜேபெக் என்னும் பட வடிவம் 1992-இல் தரப்படுத்தப்பட்டது. மனித முகத்துக்கும் வயல்வெளிக்கும் மிகப் பொருத்தமானது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கழித்துவிடும். முகத்தில் இதனால் பெரிய குறை தோன்றாது. ஆனால் எழுத்து என்பது வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சட்டென்று தாவும் விளிம்பு. அந்த விளிம்பைச் சுற்றிலும் ஈசல் மொய்த்தாற்போல் சாம்பல் நிறத் துகள்கள் படியும். ஒவ்வொரு முறை வெட்டிச் சேமித்து மறுபடி அனுப்பும்போதும் துகள்கள் கூடும். அம்மையாரின் தாளில் கோட்டையும் ஆறையும் ஒட்டவைத்தவை இத்துகள்களே. பிஎன்ஜி என்னும் வடிவம் எதையும் கழிப்பதில்லை. எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு அதுவே உகந்தது. பல கைப்பேசிகள் அவ்வடிவிலேயே சேமிக்கின்றன. ஆயினும் அனுப்பும்போது அது ஜேபெக்காக மாறிவிடுகிறது.

மருத்துவருக்கு அனுப்பும்போது

பிடிஎஃப் கோப்பு இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம், கோப்பையே அனுப்புங்கள். மலைக்கிராமங்களில் சிக்னல் குறைவு என்பதால் கோப்பு போகாது என்று பலர் தயங்குகிறார்கள். உண்மை நேர்மாறானது. எழுத்து மட்டும் உள்ள இரண்டு பக்க அறிக்கை பெரும்பாலும் சில நூறு கிலோபைட்தான்; கைப்பேசிக் கேமராவில் எடுத்த ஒரு படம் அதைப்போல் பத்து மடங்கு கூட இருக்கலாம்.

கோப்பு இல்லை, திரையில் மட்டுமே தெரிகிறது என்றால், கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். திருப்புவதொன்றே பாதி வேலையைச் செய்துவிடும். பக்கத்தின் அகலத்துக்கு இப்போது 1,080 புள்ளிகளுக்குப் பதிலாக 2,400 வரை கிடைக்கும். வாட்ஸ்அப் அதை 1,600 ஆகச் சுருக்கினாலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 190 புள்ளிகள் மிஞ்சும். தசமப் புள்ளி தப்பிப் பிழைக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட்டுகள் தேவைப்படும். ஒன்றின் கடைசி இரண்டு வரிகள் அடுத்ததன் தொடக்கத்திலும் வரும்படி எடுங்கள். எந்த வரியும் விடுபடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். முதல் படத்தில் நோயாளியின் பெயர், தேதி, பரிசோதனைக்கூடத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். எண்ணுக்கு வலப்பக்கத்திலுள்ள அலகும் இயல்பு அளவும் வெட்டுப்படக் கூடாது. ஒவ்வொரு கூடத்திலும் இயல்பு அளவு சிறிது மாறும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முறையை அறியாதவர்களுக்காக ஒரு வரி: பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி உடனே விட வேண்டும், முகப்புப் பொத்தான் இல்லாத ஐஃபோனில் பக்கவாட்டுப் பொத்தானும் ஒலியைக் கூட்டும் பொத்தானும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் மேலே தோன்றும் எச்டி என்பதைத் தொடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து இந்த வசதி உள்ளது. அதைவிடச் சிறந்தது, இணைப்புக் குறியைத் தொட்டு டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்து படத்தை அனுப்புவது. அப்போது ஒரு புள்ளியும் குறையாது. வந்த படத்தை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமானால் ஃபார்வர்டு செய்யுங்கள், அதை மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

ஒரு கைப்பேசியின் திரையை இன்னொரு கைப்பேசியால் படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். திரையின் புள்ளிவரிசையும் கேமராவின் புள்ளிவரிசையும் மோதி, பட்டுச்சேலையில் நெளிவு தெரிவதுபோல் அலையலையாகக் கோடுகள் விழும். குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தமானி ஆகியவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியில்லை. படமெடுத்துத்தான் ஆக வேண்டும். அவற்றின் எண்கள் ஏழு சிறு கீற்றுகளால் ஆனவை. ஒரு கீற்றின்மேல் விளக்கொளி பட்டு மறைந்தால் 8 என்பது 6 ஆகவோ 9 ஆகவோ 0 ஆகவோ தெரியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, சன்னலோரம் நிழலில் வைத்து, சிறிது சாய்த்து எடுங்கள். எடுத்த எண்ணைப் படத்தின் கீழே தட்டச்சும் செய்துவிடுங்கள்: "காலை வெறும் வயிற்றில் 186" என்று. இரண்டும் பொருந்தாவிட்டால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்போம். இந்தச் சிறு பழக்கம் பல பிழைகளைத் தடுத்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நெஞ்சுவலியோ, ஒருபக்கக் கைகால் செயலிழப்போ, மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் படமெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்துப் புறப்படுங்கள்.

வீட்டிலுள்ளவருக்கு வழிகாட்டித் தாள் செய்யும்போது

எங்களிடம் வரும் படத்தை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பார்த்துச் சரிசெய்துகொள்ள முடியும். தாயாரோ தந்தையாரோ தனியாக உட்கார்ந்து பார்க்கும் தாளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இதற்கே அதிகக் கவனம் வேண்டும்.

இ-சஞ்சீவனியில் மருத்துவரைக் காணும் வழியை ஊரிலிருக்கும் தந்தையாருக்கு எழுதித் தருவதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, தம் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. உங்கள் கைப்பேசியில் பொத்தான் கீழே இருக்கும். தந்தையாரின் பழைய கைப்பேசியில் மேலே மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும். படத்தில் உள்ளதைத் தேடித் தேடி அவர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று கைப்பேசியை வைத்துவிடுவார். வராதது அவருக்கன்று, தவறான திரை அவர் முன் வைக்கப்பட்டது. பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ ஊருக்கு வரும்போது, அவர் பயன்படுத்தும் கைப்பேசியிலேயே, அவர் படிக்கும் மொழிக்கு மாற்றிவிட்டு எடுங்கள்.

எடுப்பதற்கு முன் அமைப்புகளில் சென்று எழுத்தளவைப் பெரிதாக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். சிறிய எழுத்தில் எடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். டார்க் மோடு என்னும் கறுப்புத் திரை இருந்தால் வெள்ளைக்கு மாற்றுங்கள். ஜெராக்ஸ் கடையில் கறுப்புத் திரையை அச்செடுத்தால் தாள் முழுவதும் மை பூசினாற்போல் வரும். எழுத்து அதில் மூழ்கிவிடும்.

கடைகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்செடுப்போம். அதனால் "சிவப்பு வட்டம் போட்ட இடத்தைத் தொடவும்" என்று எழுதாதீர்கள். தாளில் சிவப்பு சாம்பலாகிவிடும், பச்சையும் சாம்பலாகிவிடும். தடித்த அம்புக்குறி இட்டு, அதன் அடியில் 1, 2, 3 என்று பெரிய எண் எழுதுங்கள். ஒரு படத்தில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். தொட வேண்டிய பொத்தானை மட்டும் நறுக்கி ஒட்டுவது தெளிவு போலத் தோன்றும். ஆனால் அது திரையில் எங்கே இருக்கிறதென்று அவர் எப்படி அறிவார்? முழுத் திரையையும் வைத்து, அதன்மேல் அம்புக்குறி இடுங்கள்.

1,080 புள்ளி அகலமுள்ள ஸ்கிரீன்ஷாட்டை 9 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வரும். அச்சுக்கு அது தாராளம். உயரம் 20 செ.மீ. ஆகும். ஏ4 தாளில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைக்கலாம். மூன்றாவதை நுழைக்க முயல வேண்டாம். முதியவருக்கு இரண்டு தாள்கள் சுமையல்ல, சிறிய எழுத்துதான் சுமை. கணினியில் வேர்டு கோப்பாகச் செய்பவர்கள், படத்தை மூலையைப் பிடித்தே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் எண்கள் நசுங்கும். வேர்டு தானாகவே படங்களைச் சுருக்கும் இயல்புடையது. அதன் அட்வான்ஸ்டு அமைப்புகளில் படங்களைச் சுருக்காதே என்னும் தெரிவு உள்ளது; அதைக் குறியிட்டுவிடுங்கள். முடிந்ததைப் பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மறைக்க வேண்டியவற்றையும் பாருங்கள். தாள் சுவரில் தொங்கும். வருவோர் போவோர் படிப்பர். கைப்பேசி எண், 14 இலக்க ஆபா எண், திரையின் மேல் வந்து நிற்கும் வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவை அதில் வேண்டாம். கைப்பேசியிலுள்ள தூரிகையால் கறுப்புக் கோடுகளைக் கிறுக்கி மறைப்பது போதாது. அந்த மை பல நேரங்களில் ஊடுருவும் தன்மையுடையது. ஒளியைக் கூட்டினால் அடியிலுள்ள எண் தெரியும். அழுத்தமான கறுப்புக் கட்டம் வைத்து மூடுங்கள், அல்லது அப்பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டுவதிலும் ஒருமுறை சிக்கல் வந்ததுண்டு. பிக்சல் கைப்பேசிகளின் ஒரு கருவியில் வெட்டிய பகுதி கோப்புக்குள் எஞ்சியிருந்து மீட்கப்படக்கூடியதாக இருந்தது 2023-இல் தெரியவந்து திருத்தப்பட்டது. மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்சுலின் தாளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவுள்ளது. அதற்குரிய ஊசி சிவப்பு மூடியுடையது. 100 யூனிட் செறிவுக்குரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு மாறும். நிறம் கறுப்பு வெள்ளை அச்சில் வராது என்பதால், ஊசியின்மேல் அச்சிட்டுள்ள 40 என்னும் எண் நன்கு தெரியும்படி அருகில் படமெடுத்துத் தாளில் வையுங்கள். பக்கத்தில் மூடியின் நிறத்தை எழுத்தால் எழுதுங்கள். அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். எண்ணைச் சுற்றிக் கட்டமோ கோடோ வேண்டாம். எங்கள் தவறு உங்கள் சுவரில் திரும்ப வரவேண்டாம்.

தாளை ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதை ஒட்டப்போகும் இடத்தில், இரவு விளக்கொளியில், கண்ணாடி அணிந்த நிலையில் அதைப் படிக்க வேண்டியவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் சொல்லிக் கொடுக்காமல் காத்திருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். மேலே சொன்ன அம்மையாரின் மருமகள் புதிய தாளை எங்கள் முன்னிலையிலேயே இப்படிப் படித்துக் காட்டினார். "இரவு, ஆறு யூனிட்" என்று இரண்டு முறை படித்த பிறகே அதை மடித்துப் பையில் வைத்தார்.

தாளின் அடியில் தேதியிடுங்கள். செயலிகள் புதுப்பிக்கப்படும்போது திரை மாறும்; மறுபரிசோதனையில் மருந்தளவும் மாறும். புதிய தாள் ஒட்டும் அன்றே பழையதைக் கிழித்துவிட வேண்டும். கைப்பேசியிலிருக்கும் பழைய படத்தையும் அழித்துவிட வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது சுவரிலுள்ள தாளைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். எங்கள் சீட்டோடு அதை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறோம்.